கணக்கு டியூஷன்: பள்ளி வாத்தியாரா, இன்ஜினியர் தம்பியா, கோச்சிங் சென்டரா?

கடலூரில் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் சரி, அந்தப் பக்கம் புதுச்சேரியில் லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டையிலும் சரி, கணக்கு டியூஷன் போர்டு இல்லாத தெருவைத் தேடத்தான் வேண்டும். ஒரு போர்டில் "எம்.எஸ்சி., பி.எட்., 25 வருட அனுபவம்" என்று இருக்கும். அடுத்ததில் "என்ஐடியில் படித்தவர்". மூன்றாவதில் போன வருடம் ரேங்க் எடுத்த பிள்ளைகளின் வட்ட வட்டமான படங்கள். மூன்றுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் உங்கள் பிள்ளை எழுதப்போவது எந்தப் பரீட்சை, அதில் அவன் எங்கே தவறுகிறான் என்ற இரண்டும் கையில் இல்லாமல் போர்டைப் பார்த்துப் பணம் கட்டுவது, பவர் செக் பண்ணாமல் கண்ணாடி வாங்குவது போலத்தான்.

அதனால் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் பரீட்சையைப் பார்த்துவிடுவோம். இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் கணக்குப் பாடம் வேறு வேறு.

எந்தப் பரீட்சைக்கு?

கடலூர்ப் பக்கம் பெரும்பாலான பிள்ளைகள் மாநிலப் பாடத்திட்டம். பிளஸ் டூ கணக்கில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. இருபது ஒரு மார்க் கேள்வி, பத்தில் ஏழு இரண்டு மார்க், பத்தில் ஏழு மூன்று மார்க், அப்புறம் 'அல்லது' போட்ட ஏழு ஐந்து மார்க். இரண்டு மார்க் பகுதியில் 30-ஆவது கேள்வியும் மூன்று மார்க் பகுதியில் 40-ஆவது கேள்வியும் கட்டாயம். 'கம்பல்சரி' என்று பிள்ளைகள் பயப்படுவது இவற்றைத்தான், பெரும்பாலும் புத்தகத்தில் அப்படியே இருக்காது.

இன்ஜினியரிங் சேர்க்கைக்கு மாநில நுழைவுத் தேர்வு 2007-லேயே போய்விட்டது. கலந்தாய்வு கட்-ஆஃப் 200-ல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. கணக்கில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் முழுசாக ஒன்று போகும். இயற்பியலில் போனால் அரைதான். இரண்டு பேர் ஒரே கட்-ஆஃபில் நின்றால் முதலில் பார்ப்பதும் கணக்கு மார்க்கைத்தான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இதில் 7.5 சதவீத இட ஒதுக்கீடும் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைக்கு, தமிழ்நாட்டுக்குள் இன்ஜினியரிங் போதும் என்று வீட்டில் முடிவு என்றால், ஐஐடி, என்ஐடி சேர்க்கைக்கான ஜேஇஇ தேர்வின் கோச்சிங்குக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல பொதுத்தேர்வு டியூஷனுக்குக் கொடுத்தாலே போதும். இதை எந்த கோச்சிங் சென்டரும் உங்களிடம் சொல்லாது.

புதுச்சேரியில் கதை வேறு. அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் சிபிஎஸ்இக்கு மாறி, 2025-ல் பத்தாவதும் பிளஸ் டூவும் முதல் முறையாக அந்தப் பொதுத்தேர்வை எழுதின. தனியார் பள்ளிகளில் பல இன்னும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில்தான் இருக்கின்றன. ஆகவே ஒரே தெருவில், ஒரே டியூஷனில், ஒரே பாயில் இரண்டு போர்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். இங்கேதான் முதல் கோளாறு.

பாடம் ஏறக்குறைய ஒன்றுதான், வரிசைதான் வேறு. கலப்பு எண்களும் பரவளையம், நீள்வட்டம் வகையறாவும் சிபிஎஸ்இயில் பதினொன்றாம் வகுப்பு, தமிழ்நாட்டில் பன்னிரண்டு. அணிகள், வெக்டர், தொகையிடல் ஆகியவற்றின் அடிப்படை தமிழ்நாட்டில் பதினொன்று, சிபிஎஸ்இயில் பன்னிரண்டு. மாநிலப் பாடத்தில் பழகிய ஆசிரியர் சிபிஎஸ்இ பிளஸ் டூ பிள்ளைக்கு "தொகையிடல் ஃபார்முலா எல்லாம் போன வருஷம் படிச்சிருப்பியே" என்று நேராகப் பரப்பளவுக் கணக்குக்குப் போய்விடுவார். அந்தப் பிள்ளை அதைப் படித்தே இருக்காது, வாயைத் திறந்து சொல்லவும் செய்யாது. இரண்டு மாதம் கழித்து "இவனுக்குக் கணக்கே வரலை" என்று பேச்சு வரும். இரண்டு போர்டையும் ஒரே பேட்சில் வைத்திருப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்த வாரம் சிபிஎஸ்இ பிள்ளைக்கு என்ன பாடம், ஸ்டேட் போர்டு பிள்ளைக்கு என்ன பாடம்?" இரண்டு தனித்தனிப் பதில் வர வேண்டும். "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று வந்தால் வேறு இடம் பாருங்கள்.

வினாத்தாளும் ஒன்றல்ல. சிபிஎஸ்இ 80 மார்க், 38 கேள்வி: ஒரு மார்க் இருபது, இரண்டு மார்க் ஐந்து, மூன்று மார்க் ஆறு, ஐந்து மார்க் நான்கு, ஒரு சூழலைப் பத்தியாகக் கொடுத்துக் கேட்கும் நான்கு மார்க் கேள்வி மூன்று. இதில் பாதிக்குப் பாதி, படித்ததைப் புது இடத்தில் பொருத்தச் சொல்லும் கேள்விகள். புக்பேக் கணக்கை நாலு தடவை போட வைக்கும் பழக்கம் மாநிலத் தாளில் ஓரளவு கைகொடுக்கும், இங்கே கைகொடுக்காது. பத்தாம் வகுப்பில் எதிர்த்திசை வித்தியாசமும் உண்டு. மாநிலத் தாளில் வரைபடமும் வடிவியல் வரைதலும் இரண்டு எட்டு மார்க், 100-க்கு 16. பென்சிலைக் கூராக்கி உட்கார்ந்து பழகினால் கிடைக்கும் மார்க் அது. சிபிஎஸ்இ பத்தாவதில் வரைதல் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். அணிகள் மாநிலப் பத்தாவதில் உண்டு, சிபிஎஸ்இயில் இல்லை.

நுழைவுத் தேர்வுகள் தனி ரகம். ஜேஇஇ மெயின் மூன்று மணி நேரம், 75 கேள்வி, 300 மார்க். சரிக்கு 4, தப்புக்கு ஒன்று கழியும். தமிழிலும் எழுதலாம். காலாப்பட்டிலுள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இளநிலைச் சேர்க்கைக்கான கியூட் ஒரு பாடத்துக்கு 60 நிமிடத்தில் 50 கேள்வி. வெளிநாட்டுப் படிப்புக்கான சாட் தேர்வில் கணக்கு 44 கேள்வி, 70 நிமிடம், கம்ப்யூட்டர் திரையிலேயே கால்குலேட்டர். அதன் கணக்கு நம் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரிய விஷயமில்லை. ஆங்கிலத்தில் நாலு வரி கேள்வியைப் படித்து எது கேட்கிறான் என்று பிடிப்பதில்தான் நேரம் போகும். முதல் பகுதியில் எப்படிச் செய்தோம் என்பதைப் பொறுத்து இரண்டாம் பகுதி கடினமாகவோ எளிதாகவோ வரும் என்பது தெரியாத ஒருவர் சாட் சொல்லித்தருகிறேன் என்றால் நகர்ந்துவிடலாம்.

எம்.எஸ்சி., பி.எட். சார்

பல வருடம் பள்ளியில் பாடம் எடுத்து, ஓய்வு பெற்று வீட்டில் டியூஷன் வைத்திருப்பவர். இவரிடம் இருக்கும் பெரிய சொத்து பட்டம் கிடையாது, விடைத்தாள் திருத்தப் போன அனுபவம். எந்த வரிக்கு மார்க், எந்த வரி இல்லாவிட்டால் மார்க் போகும் என்பது திருத்தும் மேசையில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். ஒரு மார்க் கேள்வியில் விடையின் எழுத்தையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்று தாளிலேயே போட்டிருப்பார்கள், பாதிப் பிள்ளைகள் படிப்பதில்லை. ஐந்து மார்க் கணக்கில் சூத்திரத்தை முதல் வரியில் எழுதிவிட்டால் கடைசியில் கூட்டல் தப்பினாலும் பெரும்பகுதி மார்க் நிற்கும். தனிநிலைக் கணிதத்தில் மெய் அட்டவணை போட்டுவிட்டு "ஆகவே சமானமானவை" என்ற முடிவு வரியை விட்டுவிடுவது வழக்கமான தவறு. இந்த மாதிரிச் சின்னச் சின்ன விஷயத்தில் ஆறு ஏழு மார்க் இவரால் ஏறும்.

அந்தத் தனிநிலைக் கணிதப் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலத் தாளுக்கு அது நம்பி எழுதக்கூடிய ஐந்து மார்க், இந்த சார் விடவே மாட்டார். ஜேஇஇ மெயினிலோ இதில் வரும் தர்க்கப் பகுதியை 2024-லேயே எடுத்துவிட்டார்கள். ஜேஇஇக்குத் தயாராகும் பிள்ளையை டிசம்பரில் இவர் அதில் இரண்டு வாரம் உட்கார வைத்தால், ஜனவரித் தேர்வுக்கு முன்னால் அந்த இரண்டு வாரம் வீண்.

இவரிடம் என்ன கெடும்? பழக்கம்தான். முப்பது வருடம் ஒரே வழியில் போட்டவர், பிள்ளை வேறு வழியில் சரியாகப் போட்டாலும் "புக்ல இருக்கிற மாதிரி போடு" என்பார். முக்கியக் கேள்விகள் என்று ஒரு தாள் கொடுத்து அதையே சுழற்றுவார். கம்பல்சரி கேள்வியில் பிள்ளை நின்றுவிடும். இன்னொன்று: 11-ஆம் வகுப்பில் வந்து சேர்ந்த பிள்ளைக்கு அக்டோபரிலேயே 12-ஆம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. 11-க்கு 2017-18-ல் வந்த பொதுத்தேர்வு இப்போது இல்லை என்பதால் இது இன்னும் கூடும். வரிசைமாற்றம், ஈருறுப்புத் தேற்றம், நேர்க்கோடுகள், எல்லை எல்லாம் 11-இல்தான் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிப் போன பிள்ளை ஜேஇஇ, கியூட் இரண்டிலும் கையைப் பிசையும்.

பிள்ளையின் சொந்த வகுப்பு ஆசிரியரிடமே டியூஷன் வைப்பது வேண்டாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுப்பதைத் தடுக்கிறது. அதை விடுங்கள், அகமதிப்பீடு போடுபவரும் டியூஷன் ஃபீஸ் வாங்குபவரும் ஒருவரே என்றால் பிள்ளையின் உண்மை நிலை உங்களுக்குத் தெரியவே வராது.

இன்ஜினியர் தம்பி

பி.டெக். முடித்தவர், சில சமயம் இன்னும் படித்துக்கொண்டிருப்பவர். ஜேஇஇ எழுதிய சூடு ஆறாதவர். கணக்கைப் பார்த்ததும் எந்தப் பக்கம் போகலாம் என்ற மோப்பம் இவரிடம் இருக்கும். பிள்ளைகளுக்கும் இவரிடம் 'அண்ணா' என்று சந்தேகம் கேட்பது எளிது, சாரிடம் கேட்பது போல நாக்கு ஒட்டிக்கொள்ளாது.

குறை இரண்டு. ஒன்று, மூன்று வரியை மனதிலேயே போட்டுவிட்டு நான்காவது வரியை எழுதுவார். பிள்ளை அதைப் பழகிப் போர்டுத் தேர்வில் அப்படியே எழுதும், ஸ்டெப் மார்க் போகும். இரண்டு, ஷார்ட்கட். ஷார்ட்கட் தப்பில்லை, அது எப்போது செல்லாது என்று சொல்லாமல் கொடுப்பதுதான் தப்பு.

எளிய உதாரணம். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் 60 வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் என்ன? பிள்ளை 50 என்று எழுதும். தம்பி சொல்வார்: "ரெண்டையும் பெருக்கி, ரெண்டால பெருக்கி, கூட்டுத்தொகையால வகு. 4800-ஐ 100-ஆல வகுத்தா 48." விடை சரி, பத்து வினாடி. அடுத்த வாரம் கேள்வி இப்படி மாறும்: பாதி நேரம் 40-லும் மீதி நேரம் 60-லும் போனால்? பிள்ளை மறுபடி 48 என்று எழுதும். இப்போது விடை 50.

தூரம் 24 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு போட வைத்திருந்தால் இது வந்திருக்காது. போக 36 நிமிடம், வர 24 நிமிடம், ஆக ஒரு மணி நேரத்தில் 48 கிலோமீட்டர். மெதுவான வேகத்தில் அதிக நேரம் செலவாவதால் சராசரி கீழே இழுக்கிறது என்பது பிள்ளையின் கண்ணுக்கே தெரியும். நேரம் சமமென்றால் இழுப்பு இல்லை, 50 என்பதும் தானாகப் புரியும். இப்படி ஒரு தடவை போட்டுக் காட்டிவிட்டு அப்புறம் ஷார்ட்கட் கொடுக்கும் தம்பி கிடைத்தால் விடாதீர்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கும் அக்காவுக்கும் அதே ஆள் உதவுவார். அதில் 200-ல் 25 கேள்வி இந்த மாதிரிக் கணக்குதான்.

இவர் எப்போது வேலை கிடைத்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ கிளம்புவார் என்பது இன்னொரு கவலை. டிசம்பரில் ஆள் மாறினால் பிள்ளைக்குத்தான் கஷ்டம். சேர்க்கும்போதே மார்ச் வரை இருப்பீர்களா என்று கேட்டுவிடுவதில் வெட்கமில்லை.

கோச்சிங் சென்டர்

இங்கே வாங்குவது ஆசிரியரை விட அமைப்பை: மூன்று பாடமும் ஒரே இடத்தில், அச்சடித்த மெட்டீரியல், வாரத் தேர்வு, கம்ப்யூட்டரில் மாடல் டெஸ்ட், பக்கத்து பெஞ்சில் போட்டி. ஜேஇஇயில் முன்னேறும் பிள்ளைக்குக் கடைசி இரண்டும் அவசியம். தனி டியூஷனில் அவை கிடைப்பது அரிது.

விளம்பரத்தில் முகம் காட்டும் ஆசிரியர் உங்கள் பிள்ளையின் பேட்சுக்கு வருவாரா என்பதுதான் முதல் கேள்வி. பெரிய பெயருள்ள நிறுவனத்தின் கிளைக்கு வருபவர் போன மாதம் சேர்ந்தவராக இருக்கலாம். "இந்த பேட்சுக்குக் கணக்கு யார், இந்தக் கிளையில் எத்தனை வருடம்" என்று கேளுங்கள். தேர்வு மார்க்கை வைத்து பேட்ச் மாற்றுவார்களா, மாற்றினால் ஆசிரியரும் மாறுவாரா என்பது இரண்டாவது. நல்ல ஆசிரியர்கள் மேல் பேட்சில், கீழ் பேட்சுக்குப் புதியவர்கள் என்ற ஏற்பாடு இருந்தால், நடுத்தரமாகப் படிக்கும் பிள்ளை மேல் பேட்சின் கட்டணத்தைத்தான் கட்டுகிறது.

வட்டப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்வானவரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் பெயரையோ படத்தையோ போடக்கூடாது, அவர் எந்தக் கோர்ஸில் படித்தார் என்பதையும் போட வேண்டும் என்று 2024 நவம்பரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. ஒரு மாதம் டெஸ்ட் சீரீஸ் மட்டும் எழுதியவரும் இரண்டு வருடம் படித்தவரும் ஒரே வட்டத்துக்குள் இருப்பது ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அதே வருடம் ஜனவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலில் மூன்றை நினைவில் வையுங்கள்: 16 வயதுக்குக் கீழே சேர்க்கக்கூடாது, கற்பிப்பவர் குறைந்தது பட்டதாரியாக இருக்க வேண்டும், நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தைப் பத்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்தே 'ஃபவுண்டேஷன்' என்று அழைப்பவர்களிடம் முதலாவதைக் கேட்டுப் பாருங்கள். ஆறாவது ஏழாவது பிள்ளைக்குப் பின்னமும் விகிதமும் பிசகில்லாமல் வந்தால் அதுதான் ஃபவுண்டேஷன்.

கட்டணத்தில் "ஜிஎஸ்டி தனி" என்ற சின்ன எழுத்து இருக்கும். 18 சதவீதம். 60,000 என்றால் கட்டுவது 70,800.

ஃபீஸை மாதக் கணக்கில் ஒப்பிடாதீர்கள், பிள்ளைக்குக் கிடைக்கும் நிமிடத்தில் ஒப்பிடுங்கள். வாரம் மூன்று நாள், ஒன்றரை மணி நேரம், மாதம் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு வகுப்பு, 18 மணி நேரம், மணிக்கு 167 ரூபாய். பேட்சில் 30 பேர் என்றால், ஆசிரியர் பாடமே நடத்தாமல் ஒவ்வொருவரின் நோட்டையும் பார்த்தாலும் தலைக்கு மூன்று நிமிடம்தான் வரும். ஐந்து பேர் பேட்சில் இரட்டிப்புக் கட்டணம் என்றாலும் தலைக்குப் பதினெட்டு நிமிடம்.

நெகட்டிவ் மார்க்கைப் பற்றி அவர்கள் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று கேட்டால் ஆளின் ஆழம் தெரிந்துவிடும். "தெரியாததைத் தொடாதே" என்பது பழைய பாட்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான்கு விடையில் கண்ணை மூடி ஒன்றைத் தொட்டால், நான்கு தடவையில் ஒரு தடவை 4 வரும், மூன்று தடவை ஒவ்வொன்று போகும், சராசரி கால் மார்க் லாபம். ஒரு விடை நிச்சயம் தப்பு என்று தள்ள முடிந்தால் லாபம் மூன்றில் இரண்டு மார்க். ஆனால் எண்ணாக விடை எழுதும் கேள்வியில் ஊகம் சுத்த நஷ்டம், அதிலும் இப்போது ஒரு மார்க் கழிகிறது. இதைப் பிரித்துச் சொல்லித்தரும் இடத்தில் தேர்வு முறையைப் பற்றி யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

டெமோ கிளாஸில் எதைப் பார்ப்பது

டெமோவுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். பிள்ளையின் கடைசித் தேர்வு விடைத்தாளைக் கொண்டுபோங்கள், மார்க் குறைந்ததாகப் பார்த்து. அதில் ஒரு தப்பைக் காட்டிவிட்டுப் பேசாமல் உட்காருங்கள்.

கலப்பு எண்களில் பிள்ளைகள் வழக்கமாக விழும் பள்ளம் ஒன்று: √(−4) × √(−9). பிள்ளை 6 என்று எழுதியிருக்கும். சரியான விடை −6. (√(−1)-க்குத்தான் 'ஐ' என்று பெயர், அதன் வர்க்கம் −1.)

ஒரு சார் சொல்வார்: "தப்பும்மா. ரூட்டுக்குள்ள மைனஸ் வந்தா முதல்ல ஐ-யை வெளியே எடுக்கணும். 2ஐ, 3ஐ, பெருக்கினா 6ஐ², மைனஸ் ஆறு. எழுதிக்கோ." முப்பது வினாடி. தப்பே இல்லாத விளக்கம். பிள்ளையும் எழுதிக்கொள்ளும்.

இன்னொரு மிஸ் கேட்பார்:

"ஆறு எப்படிம்மா வந்துச்சு?"

"ரெண்டு ரூட்டையும் ஒண்ணா சேர்த்தேன் மிஸ். மைனஸ் நாலு இன்ட்டு மைனஸ் ஒன்பது, முப்பத்தாறு."

"சரி, அதே மாதிரி √(−1) × √(−1) போடு."

"ரூட் ஒண்ணு... ஒண்ணு மிஸ்."

"ஐ ஸ்கொயர் எவ்வளவு?"

"மைனஸ் ஒண்ணு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிள்ளை இரண்டு விடையையும் மாறி மாறிப் பார்க்கும். "அப்போ அந்த ரூல் இங்க செல்லாதா மிஸ்?"

"பெருக்கல்ல ரெண்டுமே மைனஸ்னா செல்லாது. ஒண்ணாவது மைனஸ் இல்லாம இருந்தா செல்லும். வகுத்தல்ல எப்போ செல்லும்னு நீயே ரெண்டு நம்பர் எடுத்துப் போட்டுப் பாரு."

இதற்கு நான்கு நிமிடம் ஆகும். முதல் வழியில் கற்ற பிள்ளைக்கு ஒரு மாதம் கழித்து √1 ÷ √(−1) கொடுங்கள். இரண்டு ரூட்டையும் சேர்த்து √(−1), அதாவது ஐ என்று எழுதும். சரியான விடை −ஐ. அதே பொய் விதி வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது, அதை அடையாளம் காண முதல் சார் கற்றுத்தரவில்லை. மிஸ்ஸின் பட்டம் என்ன, எந்தக் காலேஜ் என்பது இந்த நான்கு நிமிடத்துக்குப் பிறகு பெரிதாகத் தோன்றாது.

பிறகு நோட்டைப் பாருங்கள், பழைய மாணவர் நோட்டு ஒன்றைக் கேட்டால் காட்டுவார்கள். முழுக்க ஆசிரியரின் கணக்கும் சிவப்பு டிக்கும் மட்டும் இருந்தால் அது கரும்பலகையைப் பார்த்து எழுதிய நோட்டு. பிள்ளையின் தப்பு அடிக்காமல் அப்படியே இருந்து, பக்கத்தில் ஏன் தப்பு என்று ஒரு வரி, மூன்று நாள் கழித்து அதே மாதிரிக் கணக்கு ஒன்று, பத்து நாள் கழித்து இன்னொன்று என்று இருந்தால் அந்த இடத்தில் கற்பித்தல் நடக்கிறது. தப்புகளையும் பிரித்து வைத்திருக்க வேண்டும். கருத்தே புரியாதது, கூட்டல் கழித்தலில் சறுக்கியது, கேள்வியைச் சரியாகப் படிக்காதது, நேரம் போதாதது என்று. நான்குக்கும் மருந்து வேறு. "கேர்லெஸ் மிஸ்டேக்" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுபவரிடம் எந்தத் தப்பும் தீராது.

ஆன்லைன், பஸ், மழை

ஆன்லைன் பதிவு வகுப்பு, தானாக உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு மலிவான நல்ல வழி. மற்றவர்களுக்கு அது திரை. நேரலை என்றால், பிள்ளை எழுதுவதை ஆசிரியர் பார்க்க வழியிருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டாவது கேமராவோ, நோட்டைப் படமெடுத்து அனுப்பும் ஏற்பாடோ இல்லையென்றால் அது டிவி பார்ப்பதுதான்.

கடலூரிலிருந்து புதுச்சேரி கோச்சிங்குக்கு அனுப்புபவர்கள் பயணத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கன்னியக்கோவில், தவளக்குப்பம் தாண்டி அரியாங்குப்பம், முருங்கப்பாக்கத்தில் வண்டி நின்றால் ஒரு வழிக்கே ஒரு மணி நேரம். வாரம் மூன்று நாள் என்றால் ஆறு மணி நேரம், அதாவது இரண்டு முழு ஜேஇஇ மாடல் டெஸ்ட். அந்த ஆறு மணி நேரத்தை ஈடுகட்டும் அளவுக்கு அங்கே என்ன கிடைக்கிறது? டெஸ்ட் சீரீஸுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்விட்டு, பாடத்துக்கு உள்ளூரில் ஆள் வைப்பது பல வீடுகளில் சரியாக வரும் ஏற்பாடு.

மழையை இந்த ஊரில் மறக்கவே முடியாது. தானே புயல் 2011 டிசம்பர் 30, ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30. இரண்டும் இங்கேதான் கரை ஏறின. அரையாண்டுத் தேர்வும் ஜேஇஇ முதல் சுற்றும் அந்த மாதங்களை ஒட்டியே வருகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை விடுமுறை விட்ட வகுப்புக்கு ஈடு வகுப்பு உண்டா, எப்போது, ஆன்லைனிலா நேரிலா என்று சேரும் நாளிலேயே கேட்டு வையுங்கள். கரன்ட் போனால் ஆன்லைன் ஈடு வகுப்பும் போய்விடும் என்பதால், நல்ல ஆசிரியர்கள் செப்டம்பருக்குள்ளேயே கடினமான பாடங்களை முடித்து, மழை மாதத்துக்குப் பயிற்சித் தாள்களை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

சேர்த்த பிறகு ஆறு வாரம்

ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். முடிந்தவரை மாதாமாதம், முடியாவிட்டால் காலாண்டு. சேர்த்த அன்று பிள்ளை எழுதிய பழைய விடைத்தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் கழித்து அதிலிருந்து பத்துக் கணக்கை எண்களை மட்டும் மாற்றி எழுதி, நேரம் குறித்து, வீட்டிலேயே போடச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணக்கு தெரிய வேண்டியதில்லை, இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் போதும். தப்புகள் வேறு இடத்துக்கு நகர்ந்திருந்தால் வேலை நடக்கிறது, மார்க் ஏற இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அதே வரியில் அதே தப்பு இருந்தால், இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். "இவன் கவனிக்கிறதே இல்லைங்க" என்று ஆரம்பிக்கிறாரா, தாளை வாங்கி அந்த வரியில் விரலை வைக்கிறாரா என்று கவனியுங்கள். விரலை வைப்பவருக்கு இன்னொரு மாதக் கட்டணத்தைக் கட்டலாம்.